சீரியல் டெர்மினல்: ‘எதுவானாலும் சரி’ என்பது சரியல்ல

கன்சோல் கேபிளை முதன்முதலாகக் கையில் எடுப்பவருக்குக் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: புட்டியைத் திற, காம் போர்ட் எண்ணைப் போடு, வேகத்தைப் போடு, இணைத்துவிடு. ரவுட்டர் பயிற்சியிலும் இதைத்தான் சொல்கிறார்கள். கல்லூரி ஆய்வகத்திலும், பலகையோடு வரும் நான்கு பக்கக் கையேட்டிலும் இதேதான். லினக்ஸிலும் மேக்கிலும் புட்டியின் இடத்தில் ‘ஸ்கிரீன்’ வரும். பெயர் மாறினாலும் அடியிலிருக்கும் நம்பிக்கை மாறுவதில்லை. கம்பியில் பைட்டுகள் போகின்றன, பைட்டுகள் வருகின்றன. அவற்றைக் காட்டும் மென்பொருள் எதுவானால் என்ன?

அந்த நம்பிக்கையின் நியாயத்தை முதலில் குறைவில்லாமல் சொல்லிவிட வேண்டும். ஆர்எஸ்-232 தரம் 1960இல் வந்தது. வேகம், டேட்டா பிட், பேரிட்டி, ஸ்டாப் பிட், ஃப்ளோ கண்ட்ரோல் என்று ஐந்து அமைப்புகள். ஐந்தும் இரு முனையிலும் ஒத்துப்போனால் எழுத்து வரும். புட்டி இலவசம், அதன் மூலநிரல் திறந்தது, நிறுவாமலே ஒரே கோப்பாக ஓடும். சைமன் டாதம் 1999 முதல் அதை வெளியிட்டு, பொறுப்போடு பராமரித்து வருகிறார். விண்டோஸ் 95 முதல் எக்ஸ்பி வரை கூடவே வந்த ஹைப்பர்டெர்மினலை விஸ்டாவில் மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. அதே 2007இல்தான் புட்டியின் 0.59 பதிப்பு சீரியல் போர்ட்டுக்கும் வழி செய்தது. வெற்றிடம் நிரம்பியது, பழக்கம் வேரூன்றியது. ஒரு பலகையின் பூட் செய்திகளை 115200 வேகத்தில் படிப்பது மட்டுமே வேலையென்றால் இந்த வாதத்தில் குறை காண ஏதுமில்லை.

ஆனால் கன்சோலைத் தேடி வருபவர் பெரும்பாலும் படிக்க மட்டும் வருவதில்லை. கடவுச்சொல் தொலைந்திருக்கும், ஃபர்ம்வேர் கெட்டிருக்கும், நெட்வொர்க் வழியே உள்ளே போக முடியாமல் போயிருக்கும். மற்ற எல்லா வழியும் அடைபட்ட பிறகு மிஞ்சும் வழி இது. அங்கே எந்த மென்பொருள் என்பது முடிவையே மாற்றுகிறது.

1. டெர்மினல் வெறும் சன்னல் என்று யார் சொன்னது?

சீரியல் போர்ட்டைத் திறப்பதே கம்பியில் ஒரு செயல். திறந்த கணத்தில் டிடிஆர், ஆர்டிஎஸ் என்ற இரு கட்டுப்பாட்டுக் கம்பிகளின் நிலை மாறுகிறது. ஆர்டுயினோ யூனோ பலகையில் டிடிஆர் கம்பி ஒரு சிறிய மின்தேக்கி வழியாகச் சில்லின் ரீசெட் முனைக்குப் போகிறது. நிரலை ஏற்றும்போது பொத்தானை அழுத்தும் வேலை மிச்சமாகட்டும் என்று அப்படி வடிவமைத்தார்கள். விளைவு, யாராவது போர்ட்டைத் திறந்தாலே பலகை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இரவு முழுக்க ஓடிய கருவி எந்த நிலையில் சிக்கி நிற்கிறது என்று பார்க்கப் போனவர், பார்க்கப் போனதாலேயே அந்த நிலையை அழித்துவிடுகிறார்.

ஈஎஸ்பி32 பலகைகளில் இது இன்னும் நுட்பமானது. அங்கே இரு டிரான்சிஸ்டர்கள் வழியாக டிடிஆரும் ஆர்டிஎஸ்ஸும் சேர்ந்து சில்லை ஆட்டுவிக்கின்றன. இரண்டும் ஒரே நிலையில் இருந்தால் எதுவும் நடக்காது. ஆர்டிஎஸ் மட்டும் இயங்கு நிலையில் நின்றுவிட்டால் சில்லு ரீசெட்டிலேயே கிடக்கும். டிடிஆர் மட்டும் நின்றுவிட்டால், அடுத்த ரீசெட்டில் அது நிரலை ஓட்டாமல் ஏற்றத்துக்குக் காத்திருக்கும். திரையில் ஒன்றுமே வராது. பலகை செத்துவிட்டது என்று தூக்கி வைத்துவிடுவார்கள். உண்மையில் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது டெர்மினல் மென்பொருள். பைகோகாம் என்ற டெர்மினல் மென்பொருளில் இந்தக் கம்பிகளைத் தாழ்த்தித் தொடங்கவும், ஓட்டத்தின் நடுவே மாற்றவும் கட்டளைகள் உண்டு. புட்டியின் சீரியல் அமைப்புப் பக்கத்தில் அதற்கு இடமே இல்லை.

2. ‘எல்லாவற்றிலும் அமைப்புகள் ஒன்றுதானே?’

இல்லை. புட்டியைப் புதிதாகத் திறந்தால் சீரியலுக்கு அது வைத்திருக்கும் ஃப்ளோ கண்ட்ரோல் எக்ஸ்ஆன்-எக்ஸ்ஆஃப். லினக்ஸின் மினிகாமைப் புதிதாகத் திறந்தால் ஹார்டுவேர் ஃப்ளோ கண்ட்ரோல். ஒரே கேபிள், ஒரே கருவி, ஒரே வேகம். இரண்டு மென்பொருள்களும் கம்பியை இரண்டு விதமாக நடத்துகின்றன.

மினிகாமின் இயல்பு அமைப்போடு மூன்று கம்பி மட்டும் உள்ள கேபிளை மாட்டினால், வரும் எழுத்துகள் ஒழுங்காக வரும். தட்டும் எழுத்து எதுவும் போகாது. சிடிஎஸ் கம்பியில் அனுமதி வரட்டும் என்று மென்பொருள் காத்திருக்கிறது. அந்தக் கம்பியோ கேபிளிலேயே இல்லை. எத்தனையோ நல்ல கேபிள்கள் இந்த ஒரு காரணத்துக்காகக் குப்பைக்குப் போயிருக்கின்றன. புட்டியின் சிக்கல் வேறு.  வரும் தரவில் 17, 19 என்ற மதிப்புள்ள பைட்டுகளை ‘இனி அனுப்பு’, ‘நிறுத்து’ என்ற சைகைகளாக எடுத்துக்கொண்டு விழுங்கிவிடும்.

17, 19 இரண்டும் எங்கோ அபூர்வமாக வரும் எண்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. எக்ஸ்மோடம் நெறிமுறையில் ஒவ்வொரு துண்டும் தன் வரிசை எண்ணைத் தலையில் தாங்கி வருகிறது. பதினேழாவது துண்டின் தலையில் இருக்கும் பைட், எக்ஸ்ஆன் சைகையேதான். பெறும் முனையில் மென்பொருள் வழி ஃப்ளோ கண்ட்ரோல் விழித்திருந்தால் அந்தப் பைட் காணாமல் போகும். துண்டு தவறு என்று திருப்பி அனுப்பப்படும். மறுபடி வரும், மறுபடி காணாமல் போகும். கோப்பு எவ்வளவு பெரியதானாலும் சரி, 2048 பைட்டுகளைத் தாண்டாது.

அப்படியானால் ஃப்ளோ கண்ட்ரோலை எப்போதும் அணைத்துவிடலாமா? அதுவும் தவறு. பழைய ஃபேனக் சிஎன்சி இயந்திரங்களுக்கு ஆர்எஸ்-232 வழியே நிரல் ஊட்டும்போது, ‘போதும் நிறுத்து’, ‘இனி அனுப்பு’ என்று இயந்திரம் சொல்வதே இந்த இரு சைகைகளால்தான். அங்கே 7 டேட்டா பிட், இரட்டைப் பேரிட்டி என்று மற்ற அமைப்புகளும் மாறும். அணைப்பதா, வைப்பதா என்பதைக் கருவிதான் தீர்மானிக்கிறது. மென்பொருள் தானாக ஒன்றைத் தேர்ந்து வைத்திருப்பதையாவது பயன்படுத்துகிறவர் தெரிந்திருக்க வேண்டும்.

3. எழுத்து வந்தால் போதுமென்றால், பிரேக் சைகையை யார் அனுப்புவது? கோப்பை யார் அனுப்புவது?

சிஸ்கோ ரவுட்டரின் கடவுச்சொல் தொலைந்தால் மின்சாரம் கொடுத்த முதல் 60 விநாடிக்குள் பிரேக் அனுப்ப வேண்டும். பிரேக் ஓர் எழுத்து அல்ல. ஒரு முழு எழுத்துக்கு ஆகும் நேரத்தைவிட அதிகமாகக் கம்பியைத் தாழ்நிலையில் பிடித்து வைப்பதற்குத்தான் அந்தப் பெயர். விண்டோஸின் டெரா டெர்மில் ஆல்ட்-பி. மினிகாமில் கண்ட்ரோல்-ஏ அழுத்தி எஃப். ஸ்கிரீனில் கண்ட்ரோல்-ஏ அழுத்தி பி. புட்டியில் கண்ட்ரோல்-பிரேக், அல்லது மெனுவுக்குள் சிறப்புக் கட்டளைகள். ஒவ்வொரு மென்பொருளுக்கும் எந்த விசை என்று சிஸ்கோவே ஒரு பட்டியல் வெளியிட்டிருக்கிறது. எல்லா டெர்மினலும் ஒன்றானால் அந்தப் பட்டியலுக்கு என்ன வேலை?

பிரேக் அனுப்பத் தெரியாத மென்பொருளோடு மாட்டிக்கொண்டவருக்கும் சிஸ்கோ ஒரு வழி சொல்கிறது: டெர்மினலின் வேகத்தை 1200க்கு இறக்கி, கருவியை அணைத்து இயக்கி, பத்துப் பதினைந்து விநாடி இடைவெளி விசையைத் தட்டிக்கொண்டே இரு. கணக்குப் போட்டால் காரணம் புரியும். 1200 வேகத்தில் இடைவெளி எழுத்தின் ஸ்டார்ட் பிட்டும் அதைத் தொடரும் ஐந்து பூச்சியங்களும் கம்பியை 5 மில்லிசெகண்ட் தாழ்த்தி வைக்கும். 9600 வேகத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் ரவுட்டருக்கு ஒரு முழு எழுத்தே சுமார் 1 மில்லிசெகண்ட்தான். அது இதைப் பிரேக் என்றே எடுத்துக்கொள்கிறது. அழகான தந்திரம்தான். ஆனால் சரியான மென்பொருள் இருந்தால் இரண்டு விசையில் முடிகிற வேலை இது.

லினக்ஸ் சர்வர் உறைந்து நிற்கும்போதும் இதே கதை. சீரியல் கன்சோலில் பிரேக் அனுப்பி, ஐந்து விநாடிக்குள் இன்னொரு எழுத்தைத் தட்டினால் கெர்னல் அதை அவசரக் கட்டளையாக ஏற்கும். வட்டில் எழுதாமல் கிடப்பதை எழுதவைத்து, ஒழுங்காக மறுதொடக்கம் செய்ய அதுவே கடைசி வாய்ப்பு.

அடுத்தது கோப்பு. வார்டு கிறிஸ்டென்சன் எக்ஸ்மோடத்தை எழுதியது 1977இல். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கெர்மிட் பிறந்தது 1981இல். பழங்காலம் என்று ஒதுக்க முடியாது. இன்றைய பலகைகளில் ஓடும் யூ-பூட் பூட்லோடரில் எக்ஸ்மோடம், ஒய்மோடம், கெர்மிட் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டளைகள் உண்டு. ரவுட்டரின் மீட்பு நிலையிலும் எக்ஸ்மோடம் உண்டு. புட்டியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஃபர்ம்வேர் அழிந்து, நெட்வொர்க் போர்ட்டும் எழாத கருவியின் முன் புட்டியோடு உட்கார்ந்திருப்பவர் பூட்லோடரின் பதிலைப் படிக்கலாம். அது கேட்கும் கோப்பைக் கொடுக்க முடியாது.

நெறிமுறை இருந்தால் மட்டும் போதுமா என்றால், எந்த நெறிமுறை என்பதும் கணக்கில் வரும். ஒரு பைட்டுக்குக் கம்பியில் 10 பிட் ஆகிறது. 16 மெகாபைட் கோப்பு 9600 வேகத்தில் போக 4 மணி 51 நிமிடம். 115200க்கு ஏற்றினால் 24 நிமிடம். அதோடு முடியவில்லை. பழைய எக்ஸ்மோடம் 128 பைட் துண்டுகளாக அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் ஒப்புகைக்குக் காத்திருக்கும். மொத்தம் 1,31,072 துண்டுகள். எஃப்டிடிஐ சில்லு உள்ள யூஎஸ்பி அடாப்டர், வந்த ஒற்றைப் பைட்டை உடனே கணினிக்குத் தராமல் வழக்கமாக 16 மில்லிசெகண்ட் வரை தேக்கி வைக்கும். ஒவ்வொரு ஒப்புகையும் அப்படித் தேங்கினால் கூடுதலாக 35 நிமிடம். தரவு போகும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரமே அதிகம். 1024 பைட் துண்டுகளாக அனுப்பும் வகையைத் தெரிந்த மென்பொருளில் அந்தக் கூடுதல் ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும். மென்பொருளின் மெனுவில் ஒரு வரி இருக்கிறதா இல்லையா என்பதற்கு அரை மணி நேரம் விலை.

4. ஒட்டினால் போய்விடும் என்று எப்படி நம்புவது?

முந்நூறு வரிக் கட்டமைப்பை நகலெடுத்து டெர்மினலில் ஒட்டுவது அன்றாட வேலை. ஃப்ளோ கண்ட்ரோல் இல்லாத கன்சோலில் மறுமுனைக் கருவி ஒரு கட்டளையைச் செரித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரிகள் வந்து குவிந்தால், அதன் சிறிய இடையகம் நிரம்பி எழுத்துகள் உதிரும். பிழைச் செய்தி வந்தால் தப்பித்தோம். ஆபத்து வராதபோதுதான். அணுகல் பட்டியலில் ஒரு வரி நடுவில் காணாமல் போனால், மீதி எல்லாம் ஒழுங்காக ஏறி, சுவிட்ச் இயங்கிக்கொண்டிருக்கும். தடுக்கப்பட வேண்டியது மட்டும் தடுக்கப்படாது.

டெரா டெர்மில் எழுத்துக்கு இத்தனை, வரிக்கு இத்தனை மில்லிசெகண்ட் என்று தாமதம் வைக்கலாம். மினிகாமிலும் உண்டு, செக்யூர்சிஆர்டி, கூல்டெர்ம் இரண்டிலும் உண்டு. புட்டியின் சீரியல் அமைப்பில் இல்லை. பதிவும் அப்படித்தான். வரும் எல்லாவற்றையும் புட்டி கோப்பில் சேமிக்கும். ஆனால் ஒவ்வொரு வரியும் எந்த நேரத்தில் வந்தது என்று குறிக்காது. இரவு மூன்று மணிக்கு மறுதொடக்கம் ஆகும் கருவியைத் துரத்துபவருக்கு நேரமில்லாத பதிவு பாதிப் பதிவு.

5. எமுலேஷன் என்ற பாதியை ஏன் மறக்க வேண்டும்?

டெக் நிறுவனம் 1978இல் கொண்டுவந்த விடி100 திரையின் கட்டளைகளைத்தான் இன்றும் சர்வர்களின் பயாஸ் திரைகள் சீரியல் வழியே அனுப்புகின்றன. ஆர்டுயினோ தொகுப்போடு வரும் சீரியல் மானிட்டருக்கு அவை புரியாது. குப்பை எழுத்துகளாகக் கொட்டும். முழுத் திரை மெனு, அம்புக்குறி, எஃப்-விசைகள் எல்லாம் வேண்டிய இடத்தில் அது உதவாது. பைகோகாம் தானே எமுலேஷன் செய்வதில்லை, தான் ஓடும் டெர்மினல் சன்னலிடம் விட்டுவிடுகிறது. சன்னல் நல்லதானால் அது நேர்மையான ஏற்பாடு.

6. இயங்குதளம் மாறும்போது கம்பியும் மாறிவிடுகிறது.

எல்லாக் கணினியிலும் ஒரே மென்பொருள் என்ற ஆசை இங்கேதான் உடைகிறது. மேக்கில் ஒரே அடாப்டர் இரண்டு பெயர்களில் தோன்றும்: ஒன்று ‘டிடிஒய்’ என்றும் மற்றது ‘சியு’ என்றும் தொடங்கும். முதலாவது, மறுமுனையிலிருந்து கேரியர் சைகை வரட்டும் என்று காத்திருக்க அமைந்தது. வெளியே அழைப்பவர் திறக்க வேண்டியது இரண்டாவதை. மேக்கில் ஸ்கிரீனைப் பயன்படுத்திவிட்டுச் சன்னலை மட்டும் மூடினால், ஸ்கிரீன் பின்னணியில் உயிரோடிருந்து போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். அடுத்து வருபவருக்குக் கிடைப்பது ‘போர்ட் பயன்பாட்டில் உள்ளது’ என்ற பதில். புட்டிக்கு மேக்கில் அதிகாரபூர்வச் செயலி கிடையாது; யூனிக்ஸ் பதிப்பை ஹோம்ப்ரூ வழியே இழுத்து வர வேண்டும்.

லினக்ஸில் முதல் தடை அனுமதி. டெபியன், உபுண்டுவில் ‘டயல்அவுட்’ குழுவிலும் ஆர்ச்சில் ‘யுயுசிபி’ குழுவிலும் பயனர் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் போர்ட்டுக்கு வேறு பங்காளிகள். உபுண்டு 22.04இல் பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிச் சேவை, சிஎச்340 அடாப்டரைத் தன் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொண்டது; மாட்டிய போர்ட் கண்முன்னே மறைந்தது. விண்டோஸில் தடை டிரைவரில். பழைய புரோலிஃபிக் பிஎல்2303 சில்லுகளைப் புதிய டிரைவர் ஏற்பதே இல்லை. அந்தச் சில்லு 2012இலேயே நிறுத்தப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள் என்று சாதன மேலாளரில் எழுதிக் காட்டும். அதே அடாப்டர் லினக்ஸில் ஓடும். விண்டோஸுக்குள் டபிள்யுஎஸ்எல் 2 வைத்து லினக்ஸ் மென்பொருளை ஓட்டலாம் என்பவருக்கும் நேர்வழி இல்லை. யூஎஸ்பி சாதனத்தை உள்ளே கடத்த யுஎஸ்பிஐபிடி என்ற தனி ஏற்பாடு வேண்டும்.

வேகத்திலும் இதே பிரச்சினை. ஈஎஸ்பி8266 சில்லின் உள் நிரல் 40 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை எண்ணி 115200க்கு எழுதப்பட்டது. பெரும்பாலான பலகைகளில் இருப்பது 26 மெகாஹெர்ட்ஸ் படிகம்; அதனால் அதன் முதல் செய்திகள் 74880 வேகத்தில் வருகின்றன. யூனிக்ஸ் மரபின் வேகப் பட்டியலில் அப்படி ஓர் எண்ணே இல்லை. லினக்ஸில் ஒரு தனி வழியிலும் மேக்கில் இன்னொரு தனி வழியிலும் கேட்டு வாங்க வேண்டும். அந்த வழி தெரிந்த மென்பொருள் படிக்கும். தெரியாத ஸ்கிரீன் குப்பையைக் காட்டும். ராக்சிப் சில்லுப் பலகைகள் பல 15,00,000 வேகத்தில் பேசுகின்றன. அங்கே மென்பொருளோடு அடாப்டரும் தேர்வுக்கு வருகிறது: சிபி2102 சில்லின் எல்லை 10 லட்சம் பிட்.

7. ‘குழுவில் ஆளுக்கொரு மென்பொருள் வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்வது?’

எதிர்த் தரப்பின் வலுவான கேள்வி இது. ஒருவர் எழுதிய குறிப்பை இன்னொருவர் பின்பற்ற வேண்டும். விசைகள் ஒன்றாக இருப்பது பயிற்சிக்கு எளிது. ஆனால் அதற்காகப் புட்டியில் நிற்க வேண்டியதில்லை. மூன்று தளத்திலும் ஓடுபவை உண்டு. செக்யூர்சிஆர்டி காசு கேட்கும், ஆனால் கோப்புப் பரிமாற்றம், தாமதம், ஸ்கிரிப்ட் எல்லாம் தரும். கூல்டெர்ம் மூன்றிலும் கிடைக்கிறது. பைத்தானோடு பைசீரியல் இருந்தால் மினிடெர்ம் கூடவே வருகிறது. அதில் கோப்பு நெறிமுறைகள் இல்லை என்ற குறையைத் தெரிந்தே எடுக்க வேண்டும்.

தளத்துக்குத் தகுந்ததை எடுக்க விரும்பும் குழுவுக்கு இந்தக் கட்டுரையின் பரிந்துரை வெளிப்படையானது. விண்டோஸில் டெரா டெர்ம்: ஆறு கோப்பு நெறிமுறைகள், தாமதம், நேரக்குறி, மேக்ரோ மொழி எல்லாம் அதில் இலவசம். லினக்ஸில் மீட்பு வேலைக்கு மினிகாம் அல்லது பைகோகாம், கூடவே எல்ஆர்இசட்எஸ்இசட் தொகுப்பு. அது இல்லாமல் இரண்டிலும் எக்ஸ்மோடம், ஒய்மோடம் ஓடாது. பலகையை நாள் முழுக்கப் பிடுங்கி மாட்டுபவருக்கு லினக்ஸிலும் மேக்கிலும் டிஐஓ: யூஎஸ்பி பிடுங்கப்பட்டால் காத்திருந்து, மாட்டியதும் தானே இணைந்துகொள்ளும். புட்டி அந்த இடத்தில் பிழைப்பெட்டி காட்டி நின்றுவிடும். மறுபடி இணைப்பதற்குள் பூட்டின் முதல் வரிகள் ஓடிப்போயிருக்கும்.

மாற வேண்டியது கையேடுகளும்தான். ‘புட்டியைத் திறக்கவும்’ என்ற ஒரு வரிக்குப் பதில் கருவி எதிர்பார்ப்பதை எழுத வேண்டும்: வேகம், டேட்டா பிட், பேரிட்டி, ஃப்ளோ கண்ட்ரோல் இருக்க வேண்டுமா, எந்த வகை, டிடிஆர், ஆர்டிஎஸ் எந்த நிலையில் நிற்க வேண்டும், பிரேக் தேவைப்படுமா, மீட்புக்கு எந்தக் கோப்பு நெறிமுறை, ஒட்டும்போது வரிக்கு எவ்வளவு தாமதம். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கருவி நலமாக இருக்கும் ஒரு நாளில், அந்தந்த மென்பொருளில் ஒரு முறை பிரேக் அனுப்பிப் பார்க்கட்டும். ஒய்மோடத்தில் ஒரு சிறிய கோப்பை ஏற்றிப் பார்க்கட்டும். நூறு வரி ஒட்டி, திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். மூன்றிலும் தேறாத மென்பொருளை அந்தக் கருவிக்கான கையேட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும், அது எவ்வளவு பிரபலமானதாக இருந்தாலும்.